ஐஸ் கழிவு போகக் கிறகோரியின் நிறை

கிறகோரியைக் காப்பாற்றவென்று ஒரு செயலணி அமைக்கப்பட்ட செய்தி, கிறகோரிக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. அதற்குள் செயலணிக்கு ஒரு தலைவர், ஓர் இணைப்பாளர், ஒரு வாகனம், வாகனத்தில் ஒட்ட ஒரு சின்னம் எல்லாம் வந்துவிட்டன. சின்னத்தில் ஒரு குடையும், குடைக்குக் கீழே ஒரு குண்டு மனிதரும் இருந்தார்கள். காப்பாற்றப்படுவதற்கு ஓர் ஆள் மட்டும் தேவைப்பட்டது.

கொழும்புத்துறையில் அந்த ஆளைத் தேடிப்பிடிப்பது பெரிய வேலையில்லை. யாரை விசாரித்தாலும் பீப்பாக் கிறகோரியின் வீட்டைத்தான் காட்டுவார்கள். ஐம்பத்தாறு வயது, நல்ல உயரம் என்று சொல்ல முடியாத உயரம், உயரத்தில் விட்டதையெல்லாம் சுற்றளவில் பிடித்துவிட்ட உடம்பு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர் ஏறினால் படகு ஒரு பக்கம் சரியும், அதனால் நடுவில்தான் இருத்துவார்கள். அதை அவரோ மற்றவர்களோ பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கொரோனா வந்தபிறகு நிலைமை மாறியது. உடம்பு பருத்தவர்களுக்கு இந்த நோய் வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாக வரும், மூச்சு முட்டும், உயிருக்கும் ஆபத்து என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதைக் கொண்டுபோய் ஒரு செயலணியின் கையில் கொடுத்ததுதான் பிழை.

கிறகோரி அப்போது தனி ஆள். மனைவி யோசப்பின், அதற்கு முந்திய வருடம் தையில், மகளின் பிள்ளைப்பேறுக்காகப் பிரான்சுக்குப் போனவர். மூன்று மாதத்தில் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு. பங்குனியில் விமான நிலையத்தைப் பூட்டினார்கள். பிறகு திறந்தார்கள், அந்தப் பக்கத்தில் பூட்டினார்கள், பதிந்த பயணங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. பேரன் தொலைபேசிக்குள்ளேயே பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கிவிட்டான்.

வெறும் வீட்டைக் கிறகோரி ஒருமாதிரிச் சமாளித்து வந்தார். விடியப்புறம் தங்கை மகன் சுபாசோடு களங்கட்டிக்கு, அதுதான் கடலுக்குள் கம்பு நட்டு வலை கட்டிய இறால் கூட்டுக்குப் போவார். பின்னேரம் மீன் சங்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் பூவரசுக்குக் கீழே நாலு பேராகக் குந்தியிருந்து முந்நூற்றி நாலு விளையாடுவார்கள். சீட்டில் அவருக்கு அவ்வளவு கெட்டித்தனம் கிடையாது. பக்கத்தில் இருப்பவனின் முழங்கால் தன் முழங்காலில் முட்டிக்கொண்டிருப்பதுதான் அவருக்குப் பிடித்தது. வீட்டுக்குப் போனால் முட்டுவதற்குச் சுவர்தான்.

செயலணியின் வாகனம் ஒரு திங்கட்கிழமை வந்து படலையடியில் நின்றது. இணைப்பாளர் சிவதர்ஷன் இறங்கவில்லை. பாதுகாப்புக் கருதி உள்ளேயிருந்தபடியே ஒலிபெருக்கியில் கதைத்தார். கிறகோரி அவர்கள் அதி அபாயப் பயனாளியாகத் தெரிவு செய்யப்பட்டிருக்கிறார் என்று அறிவித்தார். ஒழுங்கை முழுவதும் வந்து வேலியால் எட்டிப் பார்த்தது. தனக்குச் சீட்டிழுப்பில் ஏதோ விழுந்திருக்கிறது என்று நினைத்த கிறகோரி, சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

பிறகு விதிகள் வாசிக்கப்பட்டன. பயனாளி கடலுக்குப் போகக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, சீட்டு விளையாடக்கூடாது. எவரும் அவருக்கு ஆறடிக்குக் கிட்ட வரக்கூடாது. அவர் படலையைத் தாண்டக்கூடாது. அதேவேளை நாள்தோறும் முக்கால் மணித்தியாலம் வேகமாக நடக்க வேண்டும். மனச்சோர்வு நோயெதிர்ப்பைக் குறைக்கும் என்பதால் எந்நேரமும் கலகலப்பாக இருக்க வேண்டும்.

“ஆரோடை தம்பி கலகலப்பா இருக்கிறது?” என்று கிறகோரி கேட்டார்.

அது பயனாளியின் பொறுப்பு என்று ஒலிபெருக்கி சொன்னது.

போகும்போது படலையில் ஒரு சிவப்புப் பலகையைக் கட்டிவிட்டுப் போனார்கள். ‘அதி அபாய உடற்பருமன். கிட்ட நெருங்காதீர்’ என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் என்ன நினைத்து எழுதினாரோ, வாசித்தவர்கள் உடற்பருமன் தொற்றும் என்றுதான் விளங்கிக்கொண்டார்கள். ஒழுங்கையால் போன பெண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு விரைவாக நடந்தார்கள். பக்கத்து வீட்டு றஜனி நல்ல மனிசி, குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மதிலில் வைத்துவிட்டுப் போவார். ஆனால் அவரும் கிண்ணத்தை வைத்ததும் கையைக் கழுவினார்.

கிறகோரி விதிப்படி நடந்தார். வளவுக்குள் கிணறும் முருங்கையும் போக மிஞ்சியது சின்ன நிலம். கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தலை சுற்றியபோது மற்றப் பக்கமாகச் சுற்றினார். விதியில் கலகலப்பும் இருந்தபடியால் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார். மதிலுக்கு மேலால் அதைக் கண்ட றஜனி பயந்துபோய், அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

பூசையைத் தொலைபேசியில் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று சுவாமி சொன்ன இடத்தில், முன்னரென்றால் இரண்டு பக்கமும் திரும்பிக் கை கொடுப்பார். இப்போது கதிரையில் இருந்தபடி கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைக் கொண்டே நுளம்பை அடித்தார். கிறகோரிக்கு அழுகை வந்த முதல் நாள் அது. ஏன் வந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நாம் சொல்லலாம். ஒரு மனிதரின் உடம்பில் இன்னொரு மனிதரின் கை படாமல் அவ்வளவு காலம் போயிருந்தது.

இனிச் சத்துணவுப் பொதியின் கதை. செயலணி மாதம் இரண்டு முறை பொதி கொடுத்தது. வெள்ளை அரிசி, சீனி, கோதம்பை மா, கிறீம் கிறாக்கர், கட்டிப்பால் ரின் என்பன அதில் அடக்கம். இதே பொதி எல்லோருக்கும் கொடுக்கப்பட்டதுதான். கிறகோரியின் உடம்பின் அளவைக் கருத்திற்கொண்டு அவருக்கு மட்டும் இரட்டிப் பொதி என்று தலைவர் விசேட அனுமதி வழங்கியிருந்தார். கிறகோரியும் வேறு வேலை இல்லாத குறைக்குக் கிறாக்கரைக் கட்டிப்பாலில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். சாப்பிடும்போது மட்டும் வீட்டில் ஏதோ நடப்பது போல ஒரு சத்தம் இருந்தது.

தொலைபேசியில் அவரைப் பார்த்துவிட்டு யோசப்பின் கேட்டார்: “இஞ்சருங்கோ, முகம் என்ன உப்பிடி ஊதிப்போய்க் கிடக்கு?”

“போனைக் கிட்டப் பிடிச்சிட்டன்” என்றார் கிறகோரி.

வைகாசி முடியத் தடுப்பூசி வந்தது. கிறகோரி பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கயிறு அது ஒன்றுதான். ஊசி இரண்டும் போட்டுவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவோம், சங்கத்தடிக்குப் போகலாம் என்று சிவதர்ஷன் வாக்குக் கொடுத்திருந்தார். உடற்பருமன் உள்ளவர்களுக்கு முதலில் போட வேண்டும் என்று வைத்தியர்கள் சொன்னதும் சரியான சொல்தான். செயலணி அதற்கும் ஓர் எல்லை வகுத்தது. நூற்றிருபது கிலோவுக்கு மேற்பட்டவர்கள் முதல் வரிசை. மற்றவர்களுக்கு ஊசி மிஞ்சினால் பார்க்கலாம்.

செயலணியின் தராசை வாகனத்தில் கொண்டுவந்தார்கள். கிறகோரி ஏறினார். முள் ஓடிப்போய் நூற்றிருபதில் நின்றது. அதற்கு அப்பால் தராசில் இலக்கமே இல்லை. தராசின்படி அவர் நூற்றிருபதே ஒழிய நூற்றிருபதுக்கு மேல் அல்ல என்று சிவதர்ஷன் விளக்கினார். முள் இன்னும் போகப் பார்த்து நடுங்குகிறதே என்று கிறகோரி காட்டினார். நடுக்கத்தைப் பதிவதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. கடைசியில், அதைவிடப் பெரிய தராசு இருக்கும் இடத்துக்குப் பயனாளியைக் கொண்டுபோவதென்று தீர்மானமாயிற்று. அந்தக் கரையில் அப்படி ஒரு தராசு மீன் சங்கத்தில்தான் இருந்தது.

அது பெட்டி பெட்டியாக மீன் நிறுக்கிற தராசு. நிறுக்கிறவர் இன்னாசித்தம்பி, கிறகோரியின் சீட்டுக் கூட்டாளி. கிறகோரி வருவதைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டப் போகக்கூடாது என்று தடுத்தபடியால் ஆறடி தள்ளி நின்று தலையாட்டினார். கிறகோரி செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தகட்டில் ஏறி நின்றார். இன்னாசித்தம்பி முள்ளைப் பார்த்தார், ஒரு கணம் வாய்க்குள் முணுமுணுத்தார், பிறகு உரத்துச் சொன்னார்.

“நூற்றிப் பதினெட்டு.”

அந்தக் கரையில் பிறந்த எவருக்கும் நடந்தது விளங்கும். ஐஸுக்கும் தண்ணிக்கும் என்று நூற்றுக்குப் பத்துக் கழித்துத்தான் அந்தத் தராசில் நிறை சொல்வது. அது படகும் வலையும் வைத்து ஆள் பிடித்துத் தொழில் செய்த சம்மாட்டிமார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். இன்னாசித்தம்பியின் வாயிலிருந்து கழிக்காத இலக்கம் ஒன்று வெளியே வந்து முப்பது வருடமாகிறது. கிறகோரியும் இறங்கிச் செருப்பை மாட்டினார். அவர் பிடித்த மீன் எதுவும் கழிபடாமல் அந்தத் தராசை விட்டு இறங்கியதில்லை, தானும் கழிபட்டு இறங்கியது அவருடைய காதில் ஏறவேயில்லை.

சிவதர்ஷனுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். சேர்க்கும்போது இவரைக் கண்மதிப்பில் நூற்றிருபத்தைந்து என்று பதிந்திருந்தார்கள். ஆகவே செயலணியின் முயற்சியால் பயனாளி ஏழு கிலோ மெலிந்துவிட்டார். வாகனத்துக்குள் இருந்தபடியே தலைவருக்கு அறிவித்தார். தலைவர் மதியத்துக்கு முன்னரே கொழும்பிலுள்ள மேலிடத்துக்கு அறிவித்தார். பின்னேரம் கொழும்பு பாராட்டியது.

ஊசி என்னவாயிற்று என்று கிறகோரி அடுத்த நாள் தொலைபேசியில் கேட்டார். நூற்றிருபதுக்குக் கீழே வந்துவிட்டபடியால் அவர் முதல் வரிசையில் இல்லை என்றார் சிவதர்ஷன். அப்படியென்றால் பலகையைக் கழற்றலாமா என்று கேட்டார். கழற்ற முடியாது, இந்த முன்னேற்றத்துக்குக் காரணமே பலகைதான் என்றார்.

இன்னாசித்தம்பிக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, படலைக்கு வெளியே நின்று கத்தினார்.

“கிறகோரி, நான் பழக்கதோசத்திலை ஐஸைக் கழிச்சுப்போட்டனடா. நீ நூற்றி முப்பத்தொண்டு.”

 பிறகு இன்னாசித்தம்பி நேரே செயலணி அலுவலகத்துக்குப் போய் விசயத்தைச் சொன்னார். சிவதர்ஷன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கொழும்பு பாராட்டிய இலக்கத்தை இனி மாற்ற முடியாது என்று சொன்னார். மனிதர் வேண்டுமென்றால் அந்த நிறைக்கு மெலிந்துகொள்ளலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை என்றும் சொன்னார்.

ஆடி மாதம் ஒரு நாள் கிறகோரியின் வளவுக்குள் பந்தல் போட்டார்கள். மெலிந்த பயனாளியைக் கௌரவிக்கும் விழா. தலைவர் ஆழ்வாப்பிள்ளை வந்து இறங்கினார். அவர் இருப்பதற்கு இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்திருந்தார்கள். அவரை எந்தத் தராசிலும் ஒருவரும் ஏற்றியதில்லை. அவர் தலைவர், பயனாளி இல்லை. அவருக்கு இருந்தது உடற்பருமன் அல்ல, ஆகிருதி. ஊசியைக்கூட முன்வரிசைப் பணியாளர் என்ற வகையில் முதல் நாளே போட்டுக்கொண்டவர். இரண்டு நாளாகச் சளித் தடிமனும் தொண்டைச் செருமலும் இருந்தன. அது ஏசியால் வந்தது என்று அவரே தீர்மானித்திருந்தார்.

முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டுத் தலைவர் பேசினார்.

“இந்த இடத்திலை நான் ஒரு உண்மையைச் சொல்ல வேணும். நாங்கள் துவங்கேக்கை கிறகோரியை ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. இப்பவும் பெரிசாத் தெரியாது. ஆனால் அவரின்ரை முன்னேற்றத்தை எங்களுக்கு நல்லாத் தெரியும். ஒரு மனிசனைத் தனிய விட்டால் அவன் மெலிவான் எண்டதை முதல் முதலாக் கண்டுபிடிச்சது எங்கடை செயலணி. வாற வருசம் இன்னும் கனபேரைத் தனிய விடுறதுக்குத் திட்டம் இருக்கு. நிதி வந்தால் முழு மாவட்டத்தையுமே தனிய விடலாம்.”

கை தட்டினார்கள். அடுத்தது பொன்னாடை. ஆறடி விதி இருந்தபடியால் படகை ஊன்றித் தள்ளுகிற மரக்கோலின் நுனியில் பொன்னாடையைக் கொழுவி நீட்டினார்கள். முதல் முறை அது கிறகோரியின் முகத்தை மூடியது. இரண்டாம் முறை முருங்கையில் மாட்டியது. இப்படியென்றால் படம் வராது என்று படம் பிடிக்கிறவர் சலித்துக்கொண்டார். படம் இல்லாவிட்டால் விழா நடந்ததற்கு அத்தாட்சி ஏது. தலைவர் யோசித்தார், பிறகு எழுந்து வந்து தன் கையாலேயே பொன்னாடையைப் போர்த்திவிட்டார். படத்துக்காகக் கிறகோரியின் தோளில் கையைப் போட்டு, தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டார்.

கிறகோரி அசையாமல் நின்றார். கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதக் கையின் சூடு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. தலைவர் ஒருமுறை இருமினார், பிறகு இன்னொரு முறை. அந்த இருமல் நல்ல இருமல் இல்லை என்று கிறகோரிக்குத் தெரியும். ஒழுங்கையில் நிற்கிற நாய்க்கும் தெரிந்திருக்கும். விலகுவதற்கு ஓரடி எடுத்து வைத்தால் போதும். ஆனால் விலகினால் கை போய்விடுமே. படம் பிடிக்கிறவர் இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டபோது, தலைவருக்கு முன்னம் கிறகோரிதான் ஓம் என்றார்.

விருந்தினர்கள் றோல்ஸும் கேக்கும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வாகனத்துக்குள்ளிருந்தும் சிரிப்பொலி கேட்டது. பந்தலையும் கழற்றிய பிறகு வளவு முன்னரைவிட வெறுமையாகக் கிடந்தது.

அந்தக் கிழமைக்குள் தலைவருக்குக் கொரோனா என்று உறுதியாயிற்று. ஊசி போட்டிருந்தபடியால் வீட்டில் இரண்டு நாள் கஞ்சி குடித்துவிட்டு எழும்பிவிட்டார். கிறகோரிக்கு அப்படி நடக்கவில்லை. முதலில் காய்ச்சல், பிறகு கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு இளைத்தது. ஒரு காலை, மதிலில் வைத்த கிண்ணம் முந்தின நாள் வைத்தபடியே இருப்பதைக் கண்ட றஜனி, பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அம்புலன்ஸ் வந்தது.

சிகிச்சை விடுதியில் நிரோஜா என்ற தாதி, தலைமுதல் கால்வரை மூடிய உடையோடு வந்து கட்டிலடியில் நின்றார். அந்த நோயைப் பற்றி நேரே முகத்தைப் பார்த்து அவரோடு கதைத்த முதல் ஆள் அவர்தான்.

“ஐயா, உங்கடை நெஞ்சிலையும் வயித்திலையும் பாரம் கூட. மல்லாந்து கிடந்தால் அது சுவாசப்பையை நெருக்கும். குப்புறப் படுத்தால் காத்துக்கு இடம் கிடைக்கும். நாங்கள் பிடிச்சுத் திருப்பிவிடுறம், பயப்பிடாதேங்கோ. உங்களுக்கு முதலே ஊசி போட்டிருக்க வேணுமெல்லோ, ஏன் போடேல்லை?”

“நான் மெலிஞ்சுபோனன் எண்டு சொல்லிச்சினம், பிள்ளை” என்றார் கிறகோரி.

நிரோஜா அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டார்.

ஆறு பேர் வந்தார்கள். தோளடியில் இரண்டு பேர், இடுப்படியில் இரண்டு பேர், காலடியில் இரண்டு பேர். ஒருவர் எண்ண, எல்லோரும் சேர்ந்து அவரைத் தூக்கித் திருப்பினார்கள். தலைக்குக் கீழே ஒருவர் கையை வைத்து, கன்னம் நோகாமல் தலையணையில் சாய்த்தார். இன்னொருவர் கலைந்த சாரத்தைச் சரிசெய்தார். கையுறை போட்ட கைகள்தான், ஆனால் சூடு அதற்குள்ளாலும் வந்தது. சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் வந்தார்கள். அதன் பிறகும் வந்தார்கள். மூச்சுக்கு அவர் பட்ட பாடு பெரிய பாடு. ஒவ்வொரு மூச்சையும் கடலிலிருந்து வலை இழுப்பது போல இழுத்தார். இருந்தும் அவர்கள் வருகிற சத்தம் வாசலில் கேட்டால் கிறகோரியின் முகம் மலர்ந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்று அவர் உண்மையாக ஆசைப்பட்டது அந்தக் கட்டிலில்தான்.

மூன்றாம் நாள் சிவதர்ஷனின் அழைப்பு வந்தது. நிரோஜா தொலைபேசியை அவருடைய காதோடு பிடித்துக்கொண்டார். பயனாளிக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று கொழும்பு கேட்கிறது என்றார் சிவதர்ஷன். செயலணியின் பாதுகாப்பில் ஓட்டை இல்லாதபடியால் வெளியாள் யாரோதான் விதியை மீறி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆறடிக்குள்ளை உங்களுக்குக் கிட்ட வந்தவை ஆர்?”

“இஞ்சை ஆறு பேர் வருகினம், தம்பி” என்றார் கிறகோரி. ஒட்சிசன் மூடிக்குள்ளிருந்து குரல் மெல்ல வந்தது. “பிடிச்சுத் திருப்புகினம்.”

“ஆறு பேரோ? ஒரே நேரத்திலையோ?”

“ஓம்.”

மறுபக்கத்தில் பேனை எடுக்கிற சத்தம் கேட்டது. இது பாரதூரமான விதிமீறல், மேலிடத்துக்கு அறிவித்து இன்றைக்கே நிறுத்துவிக்கிறேன், நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்படத் தேவையில்லை என்று சிவதர்ஷன் உறுதி சொன்னார்.

நோய் வந்த நாளிலிருந்து கிறகோரி பயப்பட்டதில்லை. இப்போது பயந்தார். தலையை உயர்த்தப் பார்த்தார், முடியவில்லை. இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னார்.

“தம்பி, உங்களைக் கும்பிட்டன். என்னிலை பிழை எண்டு எழுதுங்கோ. அவையை மட்டும் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ.”